வாயில்லா ஜீவனும் மயக்க மருந்தும்

அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவராகவும் விளங்கினார். வாயில்லா ஜீவனுக்கும் வலி உண்டு என்பதைச் சட்டம் ஏற்றபின், அவ்வலியை நீக்கும் கடமை மருத்துவத்தைச் சேர்ந்ததாகிறது. சென்னையில் 1964 முதல் புளூ கிராஸ் அமைப்பும் 1996 முதல் மாநகராட்சியும் மேற்கொண்டுவரும் தெருநாய்க் கருத்தடைப் பணியில் அக்கடமை நாள்தோறும் எழுகிறது. மயிலாப்பூர் மாடவீதியிலும் தியாகராய நகரிலும் காதில் சிறு வெட்டு அடையாளத்துடன் திரியும் நாய்கள், முழு மயக்கத்தில் அறுவை செய்யப்பட்டு, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடப்பட்டவை.

முழு மயக்கம் என்பது நினைவிழத்தல், வலி அறியாமை, தசைத் தளர்வு ஆகிய மூன்றும் கூடிய நிலை. ஒரே மருந்து இம்மூன்றையும் தீங்கின்றித் தருவது அரிது என்பதால், பல மருந்துகள் அளவறிந்து சேர்க்கப்படுகின்றன. சான்றாக, கெட்டமின் வலியைத் தடுத்தாலும் தசைகளை விறைக்கச் செய்வதால், தளர்வு தரும் சைலசினோ டயசிபாமோ அதனுடன் இணைகிறது. கெட்டமின் மயக்கத்தில் கண்கள் திறந்தே இருக்குமாதலால், விழி உலராதிருக்கக் களிம்பும் இடப்படுகிறது.

மயக்கத்துக்கு முன்பே எடை பார்த்து, இதயத்தையும் நுரையீரலையும் சோதித்து, வாந்தி மூச்சுக்குழலில் இறங்காதிருக்க உணவையும் நிறுத்திவைக்க வேண்டும். அடுத்து, அச்சத்தைத் தணித்து மயக்க மருந்தின் தேவையையும் குறைக்கும் முன்மருந்து தரப்படும். பின்னர் புரோபோஃபால் போன்ற ஊசி மருந்தால் மயக்கம் தொடங்கியதும், மூச்சுக்குழலில் குழாய் பொருத்தி, ஆக்சிஜனுடன் ஐசோஃபுளூரேன் ஆவியைச் செலுத்தி அந்நிலையை நீட்டிப்பர்.

உயிரினத்துக்கு உயிரினம் இந்நெறிகள் மாறுபடும். சைலசின் மாட்டுக்கு, குதிரைக்குத் தரும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போதும். படுத்த மாட்டின் அசைபோடும் இரைப்பையில் வாயு தேங்கி மூச்சு திணறக்கூடும் என்பதால், பல அறுவைகள் மாடு நின்றநிலையிலேயே, லிக்னோகெயின் ஊசியால் அப்பகுதியை மட்டும் மரக்கச் செய்து நடைபெறுகின்றன. கொழுப்புக் குறைந்த கிரேஹவுண்ட் நாய்கள் தயோபென்டால் மயக்கத்திலிருந்து மீள நெடுநேரமாகும். அதே ஒல்லியான வேட்டைநாய் உடல்வாகு கொண்ட சிப்பிப்பாறை நாய்க்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். அடுக்குமாடி வீடுகளில் விரும்பி வளர்க்கப்படும் பக் நாயின் மூச்சுவழி குறுகியது என்பதால், அது முழுதும் விழிக்கும்வரை அருகிருந்து காக்க வேண்டும்.

எங்கே வலிக்கிறது என்று சொல்ல இயலாத உயிருக்கு, மருத்துவரின் இடையறாக் கவனிப்பே காவல். ஈறின் நிறம், ஈறை அழுத்தி விட்டபின் 2 நொடிக்குள் அங்கே இரத்தம் திரும்புதல், இமை அசைவு, தொடை உட்புற நாடி, மூச்சு ஆகியவை மயக்கத்தின் ஆழத்தையும் உடலின் தாங்குதிறனையும் உணர்த்துகின்றன. இயல்பில் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் நாயின் உடல்வெப்பம் மயக்கத்தில் சரியும். சென்னை வெயில் காலத்திலும் குட்டிகளையும் பூனைகளையும் போர்த்திக் காப்பது இதனாலேயே.

விலங்கு கடைசியாக உண்ட நேரத்தையும் அதன் பழைய நோய்களையும் மறைக்காமல் சொல்வதும், விழுங்கும் திறன் திரும்பும்வரை உணவூட்டாதிருப்பதும் வளர்ப்போரின் பங்கு. உரிமையாளர் இல்லாத தெருநாய்க்கு அந்தப் பங்கையும் ஏற்றுப் பணியாற்றுவதே, அறுவைக்கூடத்தில் அந்தச் சட்டத்தை மெய்ப்பிக்கும் வழி.