வாயில்லா உயிர்களுக்கு ஒரு புகலிடம்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்கோயிலில் தெய்வத்தோடு விலங்கும் வணங்கப்பெறுகிறது. சிவபெருமானுக்கு நந்தி, விநாயகருக்கு மூஞ்சுறு, முருகனுக்கு மயில், பைரவருக்கு நாய் என வகுத்தனர் முன்னோர். மகாபாரதத்தின் நிறைவில், தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டு விண்ணுலகம் புகத் தருமர் மறுத்தார். அந்நாயே அறக்கடவுள் என்பது பின்னர் விளங்கிற்று. வாகனத்திற்கு மாலை சாத்தும் கைகள், வீதியில் பசித்துத் திரியும் உயிருக்கு என்ன செய்கின்றன என்னும் வினா எழுவது இயல்பே.

அவ்வினாவிற்கு விடை தேடிய நகரங்களுள் ஒன்று பம்பாய். 1832ஆம் ஆண்டில், தெருநாய்களைக் கொல்லும் ஆங்கிலேய ஆட்சியினரின் நடவடிக்கையை எதிர்த்து அங்கே கலகம் மூண்டது. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி மக்கள் அதில் முன்னின்றனர். கலகம் ஓய்ந்த பின்னும், ஆதரவற்ற பிராணிகள் எங்கே செல்லும் என்னும் சிக்கல் தீரவில்லை. சினத்தினால் ஓர் ஆணையை எதிர்க்கலாம். ஒரு நாய்க்குச் சோறிட முடியாதன்றோ! எனவே 1834ஆம் ஆண்டில் பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் அவர்களும் பிற வணிகப் பெருமக்களும் ஒன்றுகூடி 'பாஞ்சராபோல்' என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினர்.

அவர்கள் பொருள் திரட்டிய முறை சிந்தித்தற்குரியது. ஒருமுறை கொடுக்கும் நன்கொடையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தாம் வாங்கி விற்கும் சரக்குகளின் மீது ஒரு சிறு தொகையைத் தாமே விதித்துக்கொண்டனர். தமிழ் வணிகர் மரபில் 'மகமை' எனப்படுவதும் இதுவே. வணிகம் நடக்கும்வரை காப்பகத்திற்கு வருவாய் வந்துகொண்டிருந்தது. 190 ஆண்டுகளைக் கடந்தும் அந்நிறுவனம் இயங்கி வருகின்றது.

ஆலயத் தொண்டர்கள் இதன் நுட்பத்தை நன்கு அறிவர். குடமுழுக்கிற்கு அள்ளிக் கொடுப்போர் பலர். நித்திய பூசைக்குக் கட்டளை ஏற்போர் சிலரே. காப்பகமும் அத்தகையதே. கட்டடம் ஒருமுறை எழும். உணவு நாள்தோறும் வேண்டும். தடுப்பூசி, கருத்தடை அறுவை, நோயுற்றவற்றைத் தனியே வைக்கும் அறை, கழிவுநீர் வடிகால், பணியாளர் ஊதியம் ஆகிய எவற்றிற்கும் ஓய்வுநாள் கிடையாது.

சிங்கப்பூரில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் மவுண்ட் வெர்னன் சாலையில் நெடுங்காலம் இயங்கி, 2016ஆம் ஆண்டில் சுங்கை தெங்காவில் எழுப்பப்பட்ட புதிய இல்லத்திற்குச் சென்றது. பாசிர் ரிஸ் வட்டாரப் பண்ணை நிலங்களில் இருந்த தொண்டர்களின் காப்பகங்களும், நிலக் குத்தகை முடிவுற்றதால் இடம்பெயர நேர்ந்தது. நிலம் அரிதாகிய தீவில் காப்பகம் நடத்துவோர் கட்டடத்திற்கு மட்டுமன்றி, இடமாற்றத்திற்கும் சேர்த்தே பொருள் சேமித்தல் வேண்டும்.

எனவே இத்தகைய பணிக்கு நிதி திரட்ட முற்படுவோர் மூன்று நெறிகளைப் போற்றுதல் நலம்.

முதலாவது, கட்டட நிதியும் பராமரிப்பு நிதியும் தனித்தனியே இருத்தல் வேண்டும். விழா நாளில் வழங்கும் நூறு வெள்ளியினும், மாதந்தோறும் தவறாது வழங்கும் பத்து வெள்ளி பெரிதாகும்.

இரண்டாவது, உரிய அனுமதி, முறையான ரசீது, ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு. வாயில்லா உயிர் கணக்குக் கேட்காது; அதன் பொருட்டே மனிதர் மிகுந்த கவனத்துடன் கணக்குக் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, காப்பகத்திற்கு வரும் உயிர்களின் எண்ணிக்கையைக் குறைத்தல். கருத்தடை செய்யாவிடின் எத்தனை கூண்டுகள் கட்டினும் போதா. வளர்க்க எண்ணுவோர் விலை கொடுத்து வாங்குவதற்கு முன் காப்பகத்தை நாடலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் நெடுங்காலம் தடை செய்யப்பட்டிருந்த பூனை வளர்ப்பு, 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி முதல் உரிமத்துடன் அனுமதிக்கப்பட்டது. வீட்டிற்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். ஒரு பூனை ஒரு குடும்பத்தைச் சேருமாயின், காப்பகத்தில் மற்றோர் உயிருக்கு இடம் கிடைக்கிறது. பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கிய நாய்க்குட்டியைப் பிறகு கைவிடுவது சட்டப்படியும் குற்றம், தருமப்படியும் குற்றம்.

மனிதருக்கே தேவைகள் பல இருக்க, விலங்குக்கு ஏன் என்று வினவுவோரும் உளர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் முதியோர் இல்லத்திற்குக் கொடுக்கும் கையே பெரும்பாலும் இதற்கும் நீளுகிறது. ஈகை பகிர்ந்தால் குறைவதன்று, பழகினால் வளர்வது.

பம்பாய் வணிகர் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கை ஒதுக்கினர். இவ்விழாவிற்கு வந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தன் மாத வருவாயில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்குமாயின், பைரவர் சந்நிதியில் ஏற்றும் விளக்கின் ஒளி ஆலய மதிலுக்கு அப்பாலும் வீசும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ இறைவன் திருவருள் துணை நிற்பதாக.