கட்டியபின் பெருகும் நோவு



எலும்பு முறியுங்கால் எழும் நோவை யாவரும் அறிவர். கட்டுப்போட்டுச் சில மணி கழித்து மேன்மேலும் பெருகும் நோவைக் குறித்தே யாம் ஈண்டுப் பேச வந்தோம்.

நம் வில்லாபுரத்துப் பக்கத்தில், கை முறிந்த பிள்ளைக்கு மூங்கிற் பத்தை வைத்து இறுகக் கட்டுவிப்பார் இன்றும் உளர். இரவெல்லாம் பிள்ளை அரற்றினால், எலும்பு கூடுகின்றது, பொறுத்துக்கொள் என்று தேற்றுவர். அது கூடுதலன்று. வீங்கிய தசை கட்டினுள் நெருக்குண்டு குருதியோட்டம் இழக்கின்றது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தசை மடியத் தொடங்கும். பின்னர் விரல்கள் வளைந்து விறைத்துப்போம். செர்மானிய வைத்தியர் வோல்க்மன் 1881-ஆம் ஆண்டிலேயே இதனை எழுதிவைத்துள்ளார். மாவுக்கட்டிலும் இஃது உண்டு.

விரலை நீட்டிவிடும்போது பிள்ளை அலறினாலும், கை மரத்ததென்றாலும் ஐயுறுக. நாடி துடிக்கின்றதே என்று அமைதல் வேண்டா. அது கடைசியிலேயே ஒடுங்கும். கட்டியவர் மனம் வருந்துவாரே என்னும் தாட்சிணியமின்றிப் பத்தைக்கட்டைத் தளர்த்தி, விடியலுக்குக் காத்திராது, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே நள்ளிரவிலும் பார்ப்பர்.