தொலைபேசியில் வரும் அதிகாரம்

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் வாழும் நமக்குத் தொலைபேசி மணி ஒலித்தால் முதலில் எழுவது ஊர் நினைவு. இப்பொழுதோ அந்த மணியோடு அச்சமும் சேர்ந்து ஒலிக்கிறது.

“உங்கள் பெயரில் வந்த கூரியர் பொட்டலத்தில் போதைப்பொருள் அகப்பட்டது” என்று தொடங்குகிறது பேச்சு. சற்றைக்கெல்லாம் இணைப்பு ‘சி.பி.ஐ. அதிகாரி’க்கு மாறுகிறது. காணொளியில் காக்கி உடை, மேசை, சுவரில் அரசு முத்திரை! “நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், காமிராவை விட்டு நகரக்கூடாது, வீட்டாரிடமும் சொல்லக்கூடாது” என்கிறார் அவர். பிறகு சேமிப்பு முழுவதையும் ‘சரிபார்ப்புக்காக’ அவர் காட்டும் கணக்கில் செலுத்த வேண்டும். விசாரணை முடிந்ததும் திரும்பி வருமாம்.

கல்லாதவரே இதில் சிக்குவர் என்று எண்ண வேண்டா. 2024-ஆம் ஆண்டில் லூதியானாவின் பெருந்தொழிலதிபர் ஒருவரிடம், உச்ச நீதிமன்ற விசாரணை என்றே ஒரு பொய்க் காட்சியை நடத்தி, 7 கோடி ரூபாய் பறித்தனர். பல கோடி உடையவருக்கே அந்நிலை என்றால், வாடகை அறையில் தனித்திருக்கும் நம் தொழிலாளியின் நிலை என்ன? அழைப்பவர் பேசும் இந்தி அவருக்குப் பாதிதான் விளங்கும். ‘கைது’ என்பது மட்டும் முழுவதும் விளங்கிவிடும். வேலை போய்விடுமோ என்ற கலக்கம் வேறு. மோசக்காரருக்கு வேண்டுவது இந்தத் தனிமையே.

உண்மைச் சட்டமோ இதற்கு நேர்மாறானது. கைதுக்குக் காரணம் கூற வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேல்: கைது செய்பவர் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவித்தாக வேண்டும். “யாரிடமும் சொல்லாதே” என்று எவர் சொல்கிறாரோ, அவர் அதிகாரி அல்லர். டிஜிட்டல் கைது என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

அழைப்பவருள்ளும் சிலர் கைதிகளே என்பது வேதனை. நல்ல வேலை என்ற ஆசை வார்த்தையால் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கொண்டு செல்லப்பட்டு, இத்தொழிலில் பூட்டப்பட்டோருள் தமிழ் இளைஞரும் உண்டு.

பணம் போய்விட்டதெனில், வெட்கப்பட்டு நேரத்தைக் கழிக்கலாகாது. எம்மாநிலத்திலிருந்தும் 1930 என்ற எண்ணை அழைக்கலாம். பணம் கைமாறிப் போகுமுன் கணக்கை முடக்க வழியுண்டு. மொழி தடுமாறினால், அவ்வூர் மொழி அறிந்த தோழர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பேசலாம். பணம் சென்ற நேரம், தொகை, பரிமாற்ற எண் ஆகியவற்றை முன்னதாக ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.