வாசப்படிக்கு உள்ளே

(சிங்கவரத்தில் தலித் பெண்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செஞ்சி வட்டாரத்துக்காரங்களுக்குப் பாரதக் கூத்தைப் பத்தி நான் எடுத்துச் சொல்லத் தேவையில்ல. பக்கத்து மேலச்சேரி திரௌபதை அம்மன் கோயில்தான் மத்த ஊர் திரௌபதை கோயிலுக்கெல்லாம் தாய்க்கோயில்னு பெரியவங்க சொல்வாங்க. துகிலுரிதல் கூத்தை விடிய விடிய பார்த்தவங்க நீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். திரௌபதையைச் சபைக்கு இழுத்தாந்தது யாரு? வேத்து நாட்டு எதிரியா? இல்ல, புருசனோட பங்காளிங்க. அவளைப் பந்தயமா வெச்சது யாரு? கட்டுன புருசன். வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தது யாரு? அந்தக் குடும்பத்துப் பெரிய மனுசங்க. இந்திய தண்டனைச் சட்டத்துல 498ஏன்னு ஒரு பிரிவு. அது குத்தவாளின்னு சொல்றது கணவனையும் கணவனோட உறவினரையும்தான். கூத்துல நம்ம சனங்க தலைமுறை தலைமுறையா பார்த்ததை அரசாங்கம் சட்டமா எழுதுறதுக்கு 1983 வரைக்கும் ஆச்சு.

இதே செஞ்சிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1714இல் தேசிங்குராசன் ஆற்காட்டு நவாபு படையோட சண்டை போட்டுச் செத்தான். அவன் பொண்டாட்டி உடன்கட்டை ஏறினா. அவ பேராலதான் ராணிப்பேட்டைன்னு சொல்றாங்க. ராசா சண்டைக்குப் போறப்ப சிங்கவரத்து ரங்கநாதரே மனசு பொறுக்காம முகத்தைத் திருப்பிக்கிட்டார்னு கதை. சரி, அந்தப் பொண்ணு நெருப்புல எறங்குனப்ப எந்தச் சாமி முகத்தைத் திருப்புச்சு? அதுக்கு ஒரு கதையும் இல்ல.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துல படிச்ச 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில இதைத்தான் வேரோட பிடிச்சார். சாதின்னா அகமணம். அகமணத்தைக் காப்பாத்த புருசன் செத்த பொண்ணை ஒண்ணு எரிக்கணும், இல்ல கடைசி வரைக்கும் விதவையா அடைச்சு வெக்கணும். சின்னப் பொண்ணா இருக்கும்போதே கட்டிக் கொடுத்துடணும். அதாவது பெண்ணை அடக்காம சாதி ஒரு நாள்கூட நிக்காது. அப்போ சாதி ஒழிப்பு பேசுற இயக்கம் ஊர்த்தெருவைப் பத்தி மட்டும் பேசிட்டு நம்ம வீட்டு அடுக்களையை விட்டுட முடியுமா?

இந்தச் சட்டம் யாரும் தட்டுல வெச்சுக் கொடுத்ததில்ல. 1970களோட கடைசியில டெல்லியில மருமகளுங்க வரிசையா எரிஞ்சு செத்தாங்க. 'ஸ்டவ் வெடிச்சிடுச்சு'ன்னு எழுதி போலீசு கேசை மூடுச்சு. 1979இல் சத்யராணி சத்தா என்கிற அம்மாவோட மக, வயித்துல பிள்ளையோட, கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகாம எரிஞ்சு செத்தா. கேட்டது ஒரு ஸ்கூட்டர். அந்த அம்மா கோர்ட்டு கோர்ட்டா நடந்தாங்க. தன் மகளையும் இதே மாதிரி பறிகொடுத்த ஷாஜஹான் ஆபா என்கிற ஏழை முஸ்லிம் தாயோட சேர்ந்து, புகுந்த வீட்டுல அடிபட்ட பெண்களுக்குப் புகலிடமா 'சக்தி ஷாலினி'யை 1987இல் தொடங்கினாங்க. மருமகனோட தண்டனையை டெல்லி உயர்நீதிமன்றம் உறுதி செஞ்சது 2013இல். முப்பத்துநாலு வருசம்! அடுத்த வருசம் அந்த அம்மாவும் போயிட்டாங்க. அவங்களைப் போல தெருவுக்கு வந்த பெண்களோட கோபம்தான் 1983 டிசம்பர்ல 498ஏ ஆச்சு. 1986இல் வரதட்சணைச் சாவுக்கான 304பி ஆச்சு.

2024 சூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதான்னு பேரு மாத்திட்டாங்க. அதுல 498ஏ என்பது 85, 86ஆம் பிரிவு. 304பி என்பது 80. நம்பருதான் மாறியிருக்கு, சரக்கு அதேதான். கொடுமைக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில், அபராதம். வரதட்சணைச் சாவுக்கு ஏழு வருசத்துலேர்ந்து ஆயுள் வரைக்கும். கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள்ள சந்தேகச் சாவுன்னா பிரேத பரிசோதனை கட்டாயம், ஆர்டிஓ விசாரிக்கணும். 'தீராத வயித்துவலியில மருந்து குடிச்சிட்டா'ன்னு யாராவது எழுதினா, கல்யாணத் தேதியைச் சொல்லி ஆர்டிஓ விசாரணை கேளுங்க.

'நம்மகிட்ட ஏது வரதட்சணை, அது ஊர்க்காரன் பழக்கம்'னு சில பேரு சொல்றாங்க. ஒரு காலத்துல நம்ம சேரியில மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கட்டுச்சு. பொண்ணு நாத்து நட்டா, களை எடுத்தா, அவ உழைப்புக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு. படிச்சு நாலு பேரு உத்தியோகத்துக்குப் போனதும் மேல்சாதிக்காரன்கிட்டேர்ந்து மொதல்ல கத்துக்கிட்டது இந்த எழவைத்தான். இன்னிக்கு நம்ம தெருவுல பைக்கு கேக்குறான், வெளிநாடு போக பணம் கேக்குறான். அதுவும் இல்லன்னா, 'குழுவுல உன் பேருல கடன் எடுத்துக் குடு'ன்னு அடிக்கிறான். அவளையோ அவ சொந்தக்காரங்களையோ சட்டத்துக்கு விரோதமா சொத்தோ பணமோ கேட்டுத் துன்புறுத்தினா அது கொடுமைன்னு சட்டமே சொல்லுது. வாரத் தவணைக்காரன் வாசல்ல நிக்கிறதும் அந்தக் கொடுமையோட தொடர்ச்சிதான்னு நாம வாதாடணும். பணமே கேக்கலன்னாலும், தற்கொலைக்குத் தள்ளுற மாதிரியோ, உடம்பையோ மனசையோ மோசமா கெடுக்குற மாதிரியோ வேணும்னே நடந்தா அதுவும் கொடுமைதான். வரதட்சணை கேட்டிருக்கணும்னு கட்டாயமில்லன்னு உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர்லயும் சொல்லிச்சு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். நமக்குன்னு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்துச்சு. அது வீட்டு வாசப்படியில நின்னுடுது. எப்படி? நம்ம பொண்ணு ஒருத்தி மாத்துச் சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போறா. மாமியார் குடத்தைத் தொடாதேங்கிறா, சாதியைச் சொல்லி திட்டுறா. சாதி சொல்லி இழிவுபடுத்துற குத்தம் பொதுமக்கள் பார்வையில நடந்திருக்கணும். நாலு சுவத்துக்குள்ள, வெளியாளு இல்லாம நடந்தா அந்தப் பிரிவு வராதுன்னு 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்குல உச்சநீதிமன்றம் சொல்லிடுச்சு. அடுக்களைக்குள்ள ஏது பொதுமக்கள்? இன்னொருத்தி நம்ம சாதிப் பையனையே கட்டிக்கிறா, அவன் அடிக்கிறான். அடிச்சவனும் தலித்துங்கிறதால அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. ஆக ரெண்டு பேருக்குமே வீட்டுக்குள்ள வர்ற குற்றவியல் சட்டம் இந்த 498ஏதான். அதுக்கோ சாதின்னா என்னன்னு தெரியாது. ஒரு சட்டத்துக்குச் சாதி தெரியும், வீடு தெரியாது. இன்னொண்ணுக்கு வீடு தெரியும், சாதி தெரியாது. நடுவுல நிக்கிறவ தலித் பெண்.

இங்கதான் நம்ம தோழர்களோட எனக்குச் சண்டை. 'குடும்ப விசயத்தை ஸ்டேசனுக்குக் கொண்டு போனா சாதித் திமிர் புடிச்ச போலீசு நம்ம பையனைத்தான் மிதிப்பான்'னு சொல்றீங்க. அந்தப் பயம் பொய்யில்ல. போலீசு பூட்சு நம்ம முதுகுல ஏறின கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தப் பயத்துக்கு வெல குடுக்குறது யாரு? அடிச்சவனா, அடிபட்டவளா? ஊர்க்காரன் அடிச்சா போஸ்டர், மறியல், ஆர்ப்பாட்டம். புருசன் அடிச்சா 'பொறுத்துப் போம்மா, இயக்கத்துக்குக் கெட்ட பேரு'. இது விடுதலையா? 1942இல் நாக்பூர்ல நடந்த தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டுல அம்பேத்கர் பெண்களைப் பார்த்து, புருசனுக்கு அடிமையா இருக்க மறுங்க, தோழியா சமமா நில்லுங்கன்னு சொன்னார். அவர் படத்தை மாட்டியிருக்கிற அதே சுவத்துல பொண்டாட்டி தலையை மோதுறது அவருக்குச் செய்யுற துரோகம்.

'பொய் கேசு'ங்கிறது அடுத்த பாட்டு. 2014இல் அர்னேஷ் குமார் வழக்குல உச்சநீதிமன்றம் இயந்திரம் மாதிரி கைது பண்ணாதேன்னு சொன்னப்ப ஒரு கணக்கு காட்டுச்சு: 2012இல் இந்தப் பிரிவுல கைதானவங்க 1,97,762 பேரு; குத்தப்பத்திரிகை போன வழக்கு 93.6 விழுக்காடு, தண்டனை 15 விழுக்காடு. கண்ணை மூடிக்கிட்டு கைது பண்றதை நானும் ஆதரிக்கல, லாக்கப்புல சாகறது நம்ம பிள்ளைங்கதான். ஆனா தண்டனை இல்லன்னா கேசே பொய்யின்னு ஆயிடுமா? பாதிச் சாட்சி மாமியா வீட்டு ஆளுங்க. மீதிச் சாட்சி அக்கம்பக்கம். பிள்ளைங்க முகத்தைப் பார்த்து அவளே வாயை மூடிக்கிறா. அதே கணக்கை வெச்சு வன்கொடுமைச் சட்டத்தையும் பொய் கேசுன்னு சாதி இந்துக்கள் சொல்றப்ப நமக்குக் கொதிக்குது இல்ல? அந்தக் கொதிப்பு இங்கயும் வரணும்.

2017இல் ராஜேஷ் சர்மா வழக்குல, புகார் மொதல்ல குடும்பநலக் குழுவுக்குப் போகணும்னாங்க. 2018இல் அது செல்லாதுன்னாங்க. 2025 சூலையில, அலகாபாத் உயர்நீதிமன்றம் வகுத்த ரெண்டு மாசக் காத்திருப்பையும் குடும்பநலக் குழுவையும் உச்சநீதிமன்றமே ஏத்துக்கிச்சு. குழுன்னா என்ன? நமக்குத் தெரியாத பஞ்சாயத்தா? வேப்பமரத்தடியில நாலு ஆம்பளை உக்காந்து 'அனுசரிச்சுப் போ'ன்னு சொல்றதுக்கு இப்போ மேசை நாற்காலி போட்டிருக்காங்க. அந்த ரெண்டு மாசம் அவ எங்க தூங்குவா?

ஆகவே, செய்ய வேண்டியதைச் சொல்றேன். அடிபட்டா மொதல்ல அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. விபத்துப் பதிவேட்டுல 'கீழ விழுந்தேன்'னு சொல்லாதீங்க, அடிச்சவன் பேரைச் சொல்லுங்க. தாய் வீட்டுக்கு வந்துட்டா அங்கேயிருந்தே புகார் குடுக்கலாம், 2019இல் ரூபாலி தேவி வழக்குல தீர்ப்பாயிருக்கு. செஞ்சியிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கு. சிஎஸ்ஆர் ரசீதோட திருப்தியாகித் திரும்பாதீங்க, எப்ஐஆர் நகல் வாங்குங்க, அது காசில்லாம தரணும். ஜெயிலுக்கு அனுப்ப மனசில்லையா? 2005ஆம் வருசத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு, குடியிருக்க எடம், செலவுக்குப் பணம் கேக்கலாம். ராத்திரி நேரத்துக்கு 181.

இயக்கத்துக்கு மூணு கோரிக்கை. பொண்டாட்டியை அடிக்கிறவனுக்குக் கிளையில பொறுப்பு கிடையாதுன்னு தீர்மானம் போடுங்க. ஸ்டேசனுக்குப் போற பொண்ணு கூட நம்ம பெண்கள் ரெண்டு பேராவது போகணும். அவளையும் காப்பாத்தணும், போலீசு சாதி காட்டினா அதையும் அங்கேயே எதுக்கணும். வீட்டுக்குள்ள சாதி சொல்லி நடக்குற கொடுமைக்கும் வன்கொடுமைச் சட்டத்துல வழி வேணும்னு அடுத்த மாநாட்டுல கோரிக்கை வையுங்க. இந்த மூணுக்கும் பதில் எனக்கு இல்ல, இங்க உக்காந்திருக்கிற பெண்களுக்குச் சொல்லுங்க. அதுவும் இன்னிக்கே சொல்லுங்க.