ஜனத்தொகையும் ஜில்லா வித்தியாசமும்
(பேசின் பிரிட்ஜில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“நம்மவர் தொகை குறைகின்றது, ஒவ்வொரு குடும்பமும் அதிகப் பிள்ளைகளைப் பெறவேண்டும்” என்று நம்மிற் சிலர் கூறிவருகின்றனர். அக்கூற்று ஆராய்தற்குரியது.

ஒரு ஜில்லாவின் ஜனத்தொகை இரு வழிகளால் மாறும். பிறப்புக்கும் இறப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. வந்து குடியேறுவோர்க்கும் விட்டுச் செல்வோர்க்கும் உள்ள வித்தியாசம் மற்றொன்று. முன்னையதற்கே இயற்கை விருத்தி என்று பெயர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே வீண் அச்சம் பிறக்கின்றது.

2001 முதல் 2011 வரை தமிழ்நாட்டின் ஜனத்தொகை நூற்றுக்கு 15.6 வீதம் பெருகிற்று. சென்னை ஜில்லா 7 வீதமே பெருக, அண்டையிலுள்ள திருவள்ளூர் 35 வீதம் பெருகிற்று. நீலகிரியிலோ 7,62,141 ஆக இருந்த தொகை 7,35,394 ஆகக் குறைந்தது. திருவள்ளூர்த் தாய்மார் சென்னைத் தாய்மாரினும் ஐந்து மடங்கு பிள்ளை பெற்றனரோ? இல்லை. நகரில் மனைவிலையும் வாடகையும் ஏறவே, குடும்பங்கள் ஆவடி, அம்பத்தூர் முதலிய இடங்களிற் குடிபுகுந்தன. நீலகிரியாரிற் பலர் பிழைப்பை நாடிச் சமவெளிக்கு இறங்கினர். அன்றியும், அக்கணக்கில் திருவொற்றியூரும் எண்ணூரும் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. 2018-இல் அவை சென்னை ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டன. எல்லை மாறினால் வீதமும் மாறுமன்றோ?

பிறப்புக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி, குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேயே பதிவாகும். பொன்னேரிப் பெண் இராயபுரத்து இராஜா சர் இராமசாமி முதலியார் ஆஸ்பத்திரியிற் பிரசவித்தால், அப்பிறப்பு சென்னையின் கணக்கிலேறும். முதற் பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் நமது வழக்கமும் இவ்வாறே கணக்கை ஊர் மாற்றுகின்றது.

எனினும் மெய்யான வித்தியாசம் இல்லாமலில்லை. பெண்கல்வி முந்திப் பரவிய கன்னியாகுமரியிலும், தொழில் வளர்ந்த கோயமுத்தூரிலும் பிறப்பு முன்னரே குறைந்தது. தருமபுரி போன்ற ஜில்லாக்களிற் பின்னரே குறைந்தது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை உண்டாகவே, பலரைப் பெறும் அவசியம் நீங்கிற்று. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள், பீகாரில் 3. ஒரு தலைமுறை தன்னளவில் நிலைபெற 2.1 வேண்டும். ஆதலால் இனி முதியோர் மிகுவர். அவரைத் தாங்கும் இளையோர் குறைவர். நாம் கவலைப்படவேண்டியது இதற்கே.

பிள்ளைகளை மிகுதியாகப் பெறுக என்று பெண்மக்கள்மீது சுமையேற்றுவது இதற்குப் பரிகாரமன்று. பிறந்த பிள்ளைகளை, ஆண் பெண் என்ற பேதமின்றிப் படிப்பித்தல் வேண்டும். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் தவறாது பதிவு செய்தல் வேண்டும். துணையற்ற முதியோர்க்கென நம் சங்கம் ஒரு நிதி தொடங்குதல் வேண்டும். ஒரு சமூகத்தின் பலம் தலைகளின் எண்ணிக்கையில் அன்று, ஒருவரையொருவர் தாங்கும் தன்மையிலேயே உள்ளது என்று கூறி, என் சிற்றுரையை முடித்துக்கொள்ளுகின்றேன்.