வெள்ளம் வளர்த்த மாகாணம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மிஷன் பாடசாலையில் நாம் பூமிசாஸ்திரம் படித்த நாளில், ஆறு கடலோடு கலக்கும் இடத்தை ஒரு முக்கோணமாக வரைந்து, பச்சை வர்ணம் தீட்டி, “கழிமுகம் செழிப்பான நிலம்” என்றெழுதி முழுப் புள்ளியும் பெற்றோம். அச்செழிப்பு எங்கிருந்து வருகிறது, அதனைக் காப்பவர் யார் என்று அன்று நாம் கேட்டோமில்லை. பல்கலைக்கழகம் புகுந்தபின்னரே கேட்டோம். விடை தேடியபோது நம் கண்ணிற்பட்டது வியற்நாம் தேசத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள அன் ஜியாங் மாகாணம். அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

திபெத்து மேட்டுநிலத்தில் உற்பத்தியாகும் மீக்கொங் ஆறு 4,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, கம்போடியாவைக் கடந்து, தியென், ஹவ் என இரு கிளைகளாக இம்மாகாணத்தினூடே வியற்நாமுக்குள் நுழைகிறது. மேற்கே ‘ஏழு மலைகள்’ எனப்படும் குன்றுகள் உள; ஏனைய நிலம் பெரும்பாலும் சமதரை. கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீற்றர் உயரமே உடையது. ஆதலின், தென்மேற்குப் பருவமழையால் ஆறு பெருகும்போது, ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை வயல்கள் நீரில் மூழ்கிவிடும். அவ்வெள்ளம் வண்டலைக் கொணர்ந்து இட்டது. மண்ணின் புளிப்பைக் கழுவியது. மீனை வயலுக்கே அனுப்பியது. நீர் உயர உயரத் தானும் நீண்டு வளரும் மிதவை நெல்லை அங்குள்ள உழவர் பயிரிட்டனர். வெள்ளத்தை அவர்கள் பகையென்று எண்ணவில்லை. ஆண்டுதோறும் வரும் விருந்தென்றே கொண்டனர்.

இம்மண்ணின் பழமையும் நாம் அறியத்தக்கது. 1944ஆம் ஆண்டில் லூயி மல்றே என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஒக் ஏயோ என்னுமிடத்தில் அகழ்ந்தபோது, பூனான் அரசுக் காலத்துப் பட்டினம் ஒன்று வெளிப்பட்டது. விஷ்ணு சிலைகளும் சிவலிங்கங்களும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரைகளும், உரோமச் சக்கரவர்த்தி அன்ரோனினஸ் பயஸின் பெயர் கொண்ட பொற்பதக்கமும் அவ்வட்டாரத்திற் கிடைத்தன. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அப்பட்டினத்தைக் கடலோடு இணைத்தவை வெட்டுவாய்க்கால்களே.

வாய்க்கால் வெட்டும் அவ்வழக்கம் பின்னரும் தொடர்ந்தது. தொவாய் நொக் ஹவ் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் 1818இல் லொங் சுயென் பக்கத்தையும் ராக் ஜியாவையும் இணைக்கும் வாய்க்கால் வெட்டப்பட்டது. 1819இல் தொடங்கி 1824இல் முடிந்த வின் தே வாய்க்கால் சௌ டொக் நகரிலிருந்து கடற்கரையிலுள்ள ஹா தியென் வரை செல்கிறது. அதற்கு அவ்வதிகாரியின் மனைவியார் பெயரே இடப்பட்டது. ஆயின் அதனை வெட்டியவர்களுட் பலர் நோயாலும் களைப்பாலும் மாண்டனர். அவர்கள் பெயர் எந்த வாய்க்காலுக்கும் இடப்படவில்லை.

நிருவாகத்தைப் பார்ப்போம். 1832இல் மின் மாங் மன்னன் அன் ஜியாங்கை ஒரு மாகாணமாக்கினான். 1867இல் அது பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 2025 யூலை 1ஆம் நாள் வியற்நாமின் 63 மாகாணங்களும் மாநகரங்களும் 34 ஆகக் குறைக்கப்பட்டபோது, அன் ஜியாங்கும் கரையோரக் கீயென் ஜியாங்கும் ஒன்றாயின. பெயர் அன் ஜியாங். தலைநகர் ராக் ஜியா. பரப்பு ஏறத்தாழ 9,900 சதுர கிலோமீற்றர். மக்கள் ஏறத்தாழ 50 இலட்சம். இடைநிலையிலிருந்த மாவட்ட நிருவாகமும் நீக்கப்பட்டது. பழைய தலைநகரான லொங் சுயெனையும் புதிய தலைநகரையும் இணைப்பது 1818இன் வாய்க்காலே. வின் தே வாய்க்காலோ இரு முனையும் ஒரே மாகாணத்துள் அடங்கிவிட்டது. காகிதத்தில் இன்று வரைந்த எல்லையை நீர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வரைந்துவிட்டது!

பொருளாதாரமென்றால் நெல்லும், ஆற்றிலும் குளத்திலும் வளர்த்து ஏற்றுமதி செய்யும் கெளுத்தி இன மீனுமே முதன்மையானவை. இங்கே ஒருவரை நினைவுகூர்தல் தகும். இம்மாகாணத்திற் பிறந்த நெல் விஞ்ஞானி வோ தோங் சுவான், 1970களின் பிற்பகுதியில் கபிலநிறத் தத்தி கழிமுகத்து வயல்களை அழித்தபோது, அதனைத் தாங்கும் புதிய விதைநெல்லைச் சிறுகச் சிறுகப் பெருக்கினார். அயலிலுள்ள கன் தோ பல்கலைக்கழகத்தை இரண்டு மாதம் மூடச் செய்து, மாணாக்கர்க்கு நாற்று நடப் பழக்கி, ஆளுக்கொரு சிறு பொதி விதையுடன் கிராமங்களுக்கு அனுப்பினார். பயிர் பிழைத்தது. உணவுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருந்த வியற்நாம் 1989இல் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது.

ஆனால் வெற்றியே சோதனையுமாயிற்று. 2000ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் கழிமுகத்தில் நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் சிறுவர், மாண்டனர். அதன்பின் உயர்ந்த மண்ணணைகள் பெருகின. வீடுகள் காக்கப்பட்டன, மூன்றாம் போகமும் விளைந்தது. அணைக்கு உள்ளே வண்டல் வராமற் போகவே உரச்செலவு ஏறியது. வயல் மீன் அருகியது. ஒதுக்கிய நீர் கீழுள்ள ஊர்களை நாடிற்று. மேலே, பிற நாடுகள் கட்டிய அணைக்கட்டுகளும் வண்டலை மறித்தன. 2016இலும் 2020இலும் வறட்சியால் உப்புநீர் கழிமுகத்தில் வெகுதூரம் ஏறியது.

பரிகாரம் என்ன? அன் ஜியாங் உழவரிடையே ‘மூன்று ஆண்டுக்கு எட்டுப் போகம்’ என்றொரு முறை உண்டு. ஒன்பதாவது போகத்தை விட்டுக்கொடுத்து, அப்பருவத்தில் மதகைத் திறந்து வெள்ளத்தை உள்ளே விடுவர். எல்லோரும் எப்போதும் இதனைக் கைக்கொள்வதில்லை. ஒரு போகத்தை இழப்பது ஏழைக்கு எளிதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும் 2017இல் அந்நாட்டரசு, கழிமுக அபிவிருத்தி இயற்கையோடு இசைந்து செல்லவேண்டும் எனத் தீர்மானித்தது.

பெரியோர்களே, சகோதரர்களே! அன்று நாம் பச்சை வர்ணம் தீட்டிய முக்கோணம் தானே செழித்த நிலமன்று. பெயர் தெரியாத எத்தனையோ பேர் வெட்டிய நிலம். விதைப்பொதி சுமந்த மாணாக்கர் காத்த நிலம். எட்டுப் போகம் எடுத்து ஒன்றை ஆற்றுக்கு விடும் அவ்வுழவன், வரும் தலைமுறையின் பங்கையும் எண்ணிப் பார்க்கிறான். அதனை அவனிடம் கற்றுக்கொண்டோம் என்று கூறி அமர்கின்றோம்.