காக்கிச் சட்டையும் காலனிப் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

    

இசையும் நாடகமும் எதிர்பார்த்து வந்து அமர்ந்திருக்கும் உங்கள் முன்னிலையில் காவல் நிலையத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். திரைக்குப் பின்னால் இன்னும் ஒப்பனை முடியவில்லை என்று அறிகிறோம். ஆகையால் சற்றுப் பொறுத்துக்கொள்வீர்கள் என்னும் துணிவு எங்களுக்கு உண்டு.

நம் இல்லங்களில் ஒரு குழந்தைக்குப் போலீஸ்காரர் எப்பொழுது அறிமுகமாகிறார்? சோறு உண்ண மறுக்கும் வேளையிலன்றோ! "வாயைத் திற, இல்லாவிட்டால் போலீஸ்காரனிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லாத தாய்மார் இந்த அவையில் எத்தனை பேர் இருப்பீர்களோ, நாங்கள் கேட்கப் போவதில்லை. பின்னர்ப் பிள்ளை வளர்ந்து திரைப்படம் பார்க்கிறான். அங்கே சண்டையெல்லாம் முடிந்த பிறகு அவர்கள் ஊர்தியில் வந்து இறங்குகிறார்கள். முதலில் அச்சம், பிறகு ஏளனம். இவ்விரண்டைத் தவிர வேறெதையும் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. நம் ஊர்களிலாவது தலையாரி இன்னார் மகன், இன்னார் மைத்துனன் என்று எல்லோரும் அறிந்திருந்தனர். பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்த நமக்கு அந்த உறவும் இல்லை, மொழியும் வேறு. இந்தி நன்கு கற்றவர்க்கே காவல் நிலையத்து எழுத்து விளங்குவதில்லை. முதல் தகவல் அறிக்கையில் வழக்கமாகப் புகுத்தப்படும் கடினமான உருது, பாரசீகச் சொற்களைத் தவிர்த்து எளிய நடையில் எழுதவேண்டும் என்று 2019-ஆம் ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியிருக்க, விழுப்புரத்துச் சிற்றூரிலிருந்து வந்த ஒரு தாய் அந்த மேசைக்கு முன்னால் நின்று என்ன பேசுவாள்?

இது கற்பனைக் கேள்வி அன்று. எங்கள் குழு இப்பணியை மேற்கொண்டதற்கு ஓர் இரவே காரணம். அதை இவ்வவையில் சொல்லிவிட வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில், நம் காலனியில் நான்கைந்து வீடுகளில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் கண்ணீரும் கம்பலையுமாக வந்து நின்றார். கடைத்தெருவில் ஒருவருடைய கைப்பேசி காணாமற்போனதாம்; அங்கே நின்றிருந்த அவருடைய பதினான்கு வயது மகனைக் காவலர்கள் அழைத்துச் சென்றுவிட்டார்களாம். நாங்கள் நால்வர் கூடினோம். யார் போவது, என்ன சொல்வது, இந்தியில் பேசுவதா ஆங்கிலத்தில் பேசுவதா என்று முடிவு செய்வதிலேயே அரைமணி நேரம் கழிந்தது. "நமக்கு ஏன் இந்த வம்பு?" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். மற்ற மூவரும் அதையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டோம். அந்த நிலையத்து அதிகாரியின் பெயர் எங்களுள் ஒருவருக்கும் தெரியாது. அந்த வாயிலைக் கடந்தே பதினெட்டு ஆண்டுகள் அலுவலகம் போய் வந்தவர்கள் நாங்கள்!

போய்ப் பார்த்தபோது பிள்ளை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். எவரும் அவனை அடிக்கவில்லை. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். "விசாரணைதான்" என்றார்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் அந்தக் கைப்பேசி உரிமையாளரின் கடையிலேயே அகப்பட்டது. "கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்கள். ஒரு தாளும் எழுதப்படவில்லை. வருத்தமாக ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. அதன் பிறகு மூன்று வாரம் அவன் பள்ளிக்குப் போகவில்லை.

அதே ஆண்டில் நம் காலனிப் பிள்ளைகள் இருவர், ஓட்டுநர் உரிமம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போய் அகப்பட்டனர். ஒருவனுடைய தந்தை தொலைபேசியில் பேசினார். மாலைக் காப்பிக்குப் பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டனர். அந்தத் தந்தையை நாங்கள் குறை கூறவில்லை. எங்கள் பிள்ளையாயிருந்தால் நாங்களும் அதையே செய்திருப்போம். ஆனால் குற்றம் செய்த பிள்ளைகள் காப்பிக்கு வீடு வந்ததும், குற்றம் செய்யாத பிள்ளை இரவு ஒன்பது வரை தரையில் இருந்ததும் எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தோம். படித்தபோது வெட்கமே மிஞ்சியது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அவர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறைந்தவராக இருத்தல் ஆகாது. சட்டத்தை மீறியதாகப் பிடிக்கப்படும் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளோ, பிள்ளையிடம் பேசும் அதிகாரி சீருடையின்றிச் சாதாரண உடையில் இருக்கவேண்டும் என்றுகூடச் சொல்கின்றன. பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவனிடம் சாட்சியாக விவரம் கேட்கவேண்டுமானால், காவலர் அவன் இருப்பிடத்துக்குச் சென்றுதான் கேட்கவேண்டும். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது இருந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. இவற்றுள் ஒன்றேனும் அன்றிரவு எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த மேசைமுன் வேறு விதமாக நின்றிருப்போம்.

காவலரையும் இளைஞரையும் ஒருங்கு சேர்க்கும் முயற்சிகள் நம் நாட்டில் நடவாமல் இல்லை. கேரளத்தில் 2010-ஆம் ஆண்டில் 127 பள்ளிகளில் மாணவர் போலீஸ் கேடட் திட்டம் தொடங்கிற்று. 2018 ஜூலையில் மத்திய அரசு குருகிராமத்தில் அதை நாடு முழுமைக்குமாகத் தொடங்கி வைத்தது; எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கானது அது. நம் தில்லிக் காவல் துறையும் 2017-ல் 'யுவா' என்னும் திட்டத்தால், படிப்பை இடையில் விட்ட இளைஞர்களுக்குக் காவல் நிலைய வளாகங்களிலேயே தொழிற்பயிற்சி அளிக்க முற்பட்டது. இவை நல்லனவே. பிவண்டி நகரத்து அனுபவம் இன்னும் சிந்திக்கத் தக்கது. 1970-லும் 1984-லும் கலவரத்தால் எரிந்த ஊர் அது. பின்னர் அங்கே காவலரும் தெருவாரும் சேர்ந்து மொஹல்லாக் குழுக்கள் அமைத்துக் கூடிப் பேசிப் பழகினர். 1992 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் பம்பாய் பற்றி எரிந்தபோது, பக்கத்திலிருந்த பிவண்டி அமைதியாக இருந்தது.

ஆனால் எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. அதுவும் நம் தமிழகத்திலிருந்தே வந்தது. 1993-ல் இராமநாதபுரம் மாவட்டத்தில் 'காவலர் நண்பர்கள்' என்னும் இயக்கம் தோன்றிற்று. மக்களுக்கும் காவலருக்கும் இடையே பாலமாக இருப்பதே அதன் நோக்கம். காலப்போக்கில் சில இடங்களில் அந்த நண்பர்கள் காவலரின் வேலையையே செய்யத் தலைப்பட்டனர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் துன்புறுத்தப்பட்டு மாண்ட கொடுமையில் அவர்கள்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. மறு மாதமே தமிழ்நாடு அரசு அவ்வியக்கத்துக்குத் தடை விதித்தது. ஆகவே எங்கள் குழு முதல் கூட்டத்திலேயே ஒரு முடிவு செய்துகொண்டது. நம் பிள்ளைகள் எவருக்காகவும் தடி ஏந்த மாட்டார்கள். எவரைப் பற்றியும் உளவு சொல்ல மாட்டார்கள். சட்டம் அறிந்த குடிமக்களாகப் போவார்கள், கேட்பார்கள், திரும்பி வருவார்கள்.

அவ்வாறே சென்ற ஆண்டு விடுமுறை நாள் ஒன்றில் இருபத்திரண்டு பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். பாதிப் பேர் காலனியிலிருந்து; பாதிப் பேர் பின்புறத்துக் குடிசைப் பகுதியிலிருந்து. இது பேரம் பேசாத நிபந்தனை. சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. "சேர்ந்து போவதென்றால் எங்கள் வீட்டுப் பெண் வரமாட்டாள்" என்றார்கள். அந்தப் பெண் வந்தாள் என்பது வேறு கதை.

அன்றாட நிகழ்வுகளை எழுதும் பெரிய பதிவேட்டையும், கைப்பற்றிய பொருள்கள் வைக்கும் மால்கானாவையும், 112-க்கு வரும் அழைப்பு எப்படி வண்டிக்குப் போகிறது என்பதையும் காட்டினார்கள். எந்த வட்டாரத்தில் குற்றம் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரை எழுதிக்கொள்ள வேண்டும் என்றும், எழுதிய அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெறலாம் என்றும் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் விளக்கினார். பிள்ளைகளோ, "நீங்கள் எத்தனை மணி நேரம் உறங்குவீர்கள்?" என்று கேட்டார்கள். எதிர்பாராத கேள்வி போலும். அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு இராஜஸ்தானத்திலிருந்து வந்த காவலர் ஒருவர், தம் குடும்பம் ஊரிலே இருப்பதாகவும், தாம் பாரக்கில் தங்கியிருப்பதாகவும், தம் மகள் தம்மைக் கண்டால் முதல் நாள் முழுவதும் அருகில் வருவதில்லை என்றும் சொன்னார். அவரும் நம்மைப் போலப் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்தாம் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

ஆயினும் அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை அன்று வரவில்லை. அழைக்கப் போனபோது அவன் கேட்டான்: "ஐயா, அவர்களை நான் தெரிந்துகொள்வது சரி, அவர்கள் என்னைத் தெரிந்துகொள்வது எனக்கு நல்லதா?"

எங்களால் விடை சொல்ல முடியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்குப் போலீஸில் முகம் தெரிந்தால் அது செல்வாக்கு; அவனுக்கோ அடுத்த முறை ஏதேனும் காணாமற்போனால் முதலில் நினைவுக்கு வரும் முகம் என்று பொருள். வீண் அச்சம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. காவல் நிலையத்துச் சரித்திரப் பதிவேட்டில் சிறுவர்களின் விவரங்களைச் சேர்ப்பதைப் பற்றி 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே தில்லிக் காவல் துறையின் வழக்கொன்றில் கவலை தெரிவித்து, திருத்திய ஆணையை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அவன் இதைப் படித்தவன் அல்லன். ஆனாலும் கேள்வி சரியாக இருந்தது.

அந்தக் கேள்வியைப் பெயர் சொல்லாமல் நிலைய அதிகாரியிடமே கொண்டுபோனோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, மழுப்பவும் இல்லை. வருகிற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்றார். குழந்தை நலக் காவல் அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அது நம் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த ஓராண்டில் அதைக் குறித்துக்கொண்டு போனவர்களுள் பெரும்பாலோர் காலனி வீடுகளில் வேலை செய்யும் தாய்மார்களே.

செய்யாமல் விட்டதும் உண்டு. ஜங்புராவின் மதராஸி கேம்ப் 2025 ஜூன் முதல் நாள் இடிக்கப்பட்டு, மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்ற நம் மக்கள் நகரின் மறுகோடியிலுள்ள நரேலாவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே புதிய பள்ளி, புதிய தெரு, முகமறியாத காவல் நிலையம். அங்குள்ள பிள்ளைகளிடம் எங்கள் குழு இன்னும் போய்ச் சேரவில்லை. ஞாயிறுதோறும் பேருந்தில் சென்று வர இருவர் முன்வந்தால் போதும். இந்த அவையிலேயே அவ்விருவர் இருப்பார்கள் என்று நம்புகிறோம்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பூங்காவை அடுத்த திடலில் கால்பந்தாட்டம். இரு அணியிலும் காவலரும் பிள்ளைகளும் கலந்தே ஆடுவார்கள். பந்து நிலையத்தாருடையது, மோர் நம்முடையது. அந்தப் பிள்ளைக்கு இப்பொழுது வயது பதினேழு, வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் ஒருவரும் புகைப்படம் எடுக்கக் கூடாது என்றான். ஒப்புக்கொண்டோம். மலருக்குப் படம் வேண்டுமென்று கேட்ட ஆசிரியர் குழுவினர் மன்னிக்க வேண்டும்.

நாடகத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். அமர்கிறோம்.